சிஸ்டம் கோப்பை மாற்றியதும் நின்றுபோன ரூட் போன்: ரீசெட்டைத் தொடும் முன்

ரூட் செய்த, அதாவது முழு நிர்வாக அதிகாரம் பெற்ற போனில், சிஸ்டத்தின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பில்ட்.ப்ராப் கோப்பைத் திறந்து இரண்டு வரிகளை மாற்றினேன், சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன், அதன்பிறகு போன் லோகோவைத் தாண்டவே இல்லை, ரெக்கவரி என்ற பழுதுபார்க்கும் திரைக்குள் மட்டும் போக முடிகிறது, ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், மூன்று வருடப் படங்கள் உள்ளே இருக்கின்றன, வேறெங்கும் நகல் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. பூட்லோடர், அதாவது ஆண்ட்ராய்டை ஏற்றும் தொடக்க நிரல், பூட்டு நீக்கித் திறந்திருக்கும் போனை மீண்டும் ஓட வைக்கப் பெரும்பாலும் ஏதாவது ஒரு வழி இருக்கும். படங்களை இழக்காமல் ஓட வைக்க முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்பது. அதனால் முதல் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ரீசெட் கொடுக்காதீர்கள். நீங்கள் கெடுத்தது ஓர் இடம், ரீசெட் அழிப்பது வேறோர் இடம்.

போனின் சேமிப்பகம் பல பார்டிஷன்களாகப் பிரிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டின் உடல் சிஸ்டம் பார்டிஷனில் இருக்கிறது. பில்ட்.ப்ராப், ஃபிரேம்வொர்க் கோப்புகள், கம்பெனி வைத்த செயலிகள் எல்லாம் அங்கேதான். உங்கள் படங்கள், நீங்கள் நிறுவிய செயலிகள், அவற்றின் கணக்குகள் எல்லாம் டேட்டா பார்டிஷனில் இருக்கின்றன. ரெக்கவரியில் உள்ள ஃபேக்டரி ரீசெட் டேட்டாவைத் துடைக்கிறது, இருந்தால் கேஷையும் துடைக்கிறது. சிஸ்டத்தைத் தொடுவதே இல்லை. சாதாரண போனில் சிஸ்டம் ஒருபோதும் மாறாது என்ற நம்பிக்கையில்தான் ரீசெட்டை அப்படி வடிவமைத்தார்கள். நீங்கள் ரூட் அதிகாரத்தோடு போய் அந்த மாறாத இடத்தை மாற்றியிருக்கிறீர்கள். இப்போது ரீசெட் கொடுத்தால் படங்கள் போகும், கெட்டுப்போன பில்ட்.ப்ராப் அப்படியே இருக்கும், போன் அதே லோகோவில் வந்து நிற்கும். பல வருடங்களாக இப்படி நின்ற போன்களைப் பார்த்து வருகிறேன். கைக்கு வரும்போதே ரீசெட் கொடுக்கப்பட்டிருந்தவையே அதிகம். போனைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது, படங்களைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மேஜிஸ்க் என்ற ரூட் கருவி வழியாக ரூட் செய்து, அதன் மாட்யூல் (கூடுதல் துணைத் தொகுப்பு) ஒன்றின் மூலம் மாற்றத்தைச் செய்திருந்தால் உண்மையான சிஸ்டம் கோப்பு மாறியிருக்காது. மாட்யூல்கள் டேட்டா பார்டிஷனுக்குள் ஏடிபி என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. பூட் ஆகும்போது அவை அசல் கோப்பின் மேல் ஒரு திரை போலப் போர்த்தப்படுகின்றன. அந்த நிலையில் ரீசெட் கொடுத்தால் மாட்யூலும் அழிந்து போன் எழுந்துவிடும், ஆனால் படங்களும் கூடவே போய்விடும். "எனக்கு ரீசெட் கொடுத்ததும் சரியானது" என்று சிலர் எழுதுவதற்கு இது ஒரு காரணம். அவர்கள் சொல்வது பொய்யில்லை, அவர்களுடைய சிக்கல் வேறு வகை. மாட்யூல்தான் காரணம் என்றால் படங்களைத் தொடாமலே தீர்க்கலாம். போனை ஆண்ட்ராய்டின் சேஃப் மோடில் எழுப்பினால் போதும், மேஜிஸ்க் அதைக் கண்டுகொண்டு எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிடும். பல போன்களில் அனிமேஷன் ஓடத் தொடங்கியதும் வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு வரும். எழுந்த பிறகு மறுபடி சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள், மாட்யூல்கள் முடங்கிய நிலையிலேயே இருக்கும். இதை முயல்வதால் எந்த இழப்பும் இல்லை, அதனால் முதலில் இதைச் செய்துபாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. போன் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தால் சூடாகும், பேட்டரி இறங்கும். பாதி ஃபிளாஷ் செய்யும்போது, அதாவது சிஸ்டத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கும்போது, சார்ஜ் தீர்ந்தால் இப்போது இருப்பதைவிடப் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள். பவர், வால்யூம் பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்து பூட்லோடர் திரைக்கோ ரெக்கவரிக்கோ கொண்டுபோய்ச் சுற்றை நிறுத்துங்கள். அங்கிருந்து அணைத்துவிட்டுச் சார்ஜில் போட்டு, பாதிக்கு மேல் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

அப்புறம், போன் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நிதானமாகக் கவனியுங்கள். நோயைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. அசையாத லோகோவிலேயே நின்றால் ஆண்ட்ராய்டின் மைய நிரலான கர்னலோ, முதலில் ஓடும் இனிட் நிரலோ தன் வேலையை முடிக்கவில்லை என்று பொருள். கர்னல் இருக்கும் பூட் இமேஜ் கெட்டிருக்கலாம், சிஸ்டத்தை ஏற்ற முடியாமல் போயிருக்கலாம், அடிப்படைக் கோப்புகளைப் படிக்க முடியாமல் போயிருக்கலாம். அசையும் அனிமேஷன் வரை வந்து அங்கேயே சுற்றினால் கர்னல் நலமாக இருக்கிறது. அதற்கு மேலே உள்ள ஜாவா பகுதி, அதாவது சிஸ்டம் சர்வர், எழுந்து எழுந்து விழுகிறது. "உங்கள் சாதனம் சிதைந்துள்ளது, நம்ப முடியாது" என்ற பொருளில் எச்சரிக்கை வந்தால் சரிபார்ப்பு அமைப்பு தடுத்துவிட்டது. சில சுற்றுகளுக்குப் பிறகு தானாகவே ரெக்கவரிக்குப் போய் "ஆண்ட்ராய்டை ஏற்ற முடியவில்லை, மீண்டும் முயல்க அல்லது டேட்டாவை அழிக்க" என்று கேட்டால், அது ஆண்ட்ராய்டு 8 முதல் இருக்கும் மீட்பு ஏற்பாடு. சிஸ்டம் சர்வர் அடுத்தடுத்து விழுந்ததைப் பார்த்துவிட்டு அது கடைசி வழியாக அப்படிக் கேட்கிறது. அந்தத் திரையில் பதற்றத்தில் இரண்டாவது வரியைத் தேர்ந்துவிட வேண்டாம்.

நீங்கள் சொல்வது முதல் வகை. பில்ட்.ப்ராப் கோப்பை மாற்றிய பிறகு லோகோவிலேயே நிற்கும் போன்களில் நான் முதலில் பார்ப்பது, என்ன எழுதினீர்கள் என்பதை அல்ல, கோப்பின் அனுமதி எண்ணை. அது 0644 ஆக இருந்தால் சரி. உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம் என்பது இதன் பொருள். உரிமையாளரும் குழுவும் ரூட். எடிட்டர் செயலிகள் பல, பழைய கோப்பைத் திருத்துவதற்குப் பதிலாகப் புதிய கோப்பை எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கின்றன. அப்போது அனுமதி எண் மாறிவிடலாம். இதைக் கேள்விப்பட்டவர்கள் "எதற்கும் இருக்கட்டும்" என்று 0777 கொடுத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் இருந்தால் தடை வராது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ஆண்ட்ராய்டில் அது நேர் எதிராக வேலை செய்கிறது. குழுவோ மற்றவர்களோ எழுதக்கூடிய நிலையில் ஒரு கோப்பு இருந்தால், இனிட் அதைப் பாதுகாப்பற்றது என்று சொல்லிப் படிக்காமலே தாண்டிப் போய்விடும். பில்ட்.ப்ராப் முழுவதும் இல்லாதது போல் ஆகிவிடும். திரை அடர்த்தி, ஆண்ட்ராய்டு பதிப்பு, போனின் ப்ராசஸர் எந்த வகை என்ற விவரம் எதுவும் கிடைக்காத நிலையில் போன் எழுந்திருக்க வழியில்லை. சரியான வரிகளை எழுதியும் போன் நின்றுபோவதற்கு இது நல்ல உதாரணம்.

அனுமதி எண்ணுக்கு அடுத்தது எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் முத்திரை. ஆண்ட்ராய்டு 5 முதல் இது முழுக் கட்டாயத்தில் இயங்குகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் அது எந்த வகை என்று சொல்லும் ஒரு முத்திரை உண்டு. அந்த முத்திரை மாறினால், எண் சரியாக இருந்தாலும் படிக்க அனுமதி கிடைக்காது. உள் சேமிப்பகத்தில் வைத்துத் திருத்திய கோப்பைச் சிஸ்டத்துக்கு நகர்த்தினால், டேட்டா பகுதியின் முத்திரையோடு அது அங்கே போய் உட்கார வாய்ப்பு உண்டு. எண்ணைச் சரிசெய்தும் போன் எழவில்லை என்றால் இதைப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் உங்கள் போன் எவ்வளவு புதியது என்பதைப் பொறுத்தது. டிஎம்-வெரிட்டி என்ற சரிபார்ப்பு ஆண்ட்ராய்டு 4.4 இல் வந்தது, 7 இல் கண்டிப்பானது. சிஸ்டம் பார்டிஷனின் ஒவ்வொரு துண்டையும் படிக்கும்போதே, கம்பெனி கையொப்பமிட்ட கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்று கர்னல் பார்க்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் ஒத்துப்போகாது. எழுத்து எதையும் மாற்றாமல் சிஸ்டத்தை எழுதும் நிலையில் ஒருமுறை ஏற்றினாலே சில குறிப்புகள் மாறிவிடும், அதுவும் போதும். பூட்லோடரைத் திறந்துவிட்டதால் மட்டும் இந்தச் சரிபார்ப்பு நின்றுவிடாது, அதைத் தனியாக முடக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஆண்ட்ராய்டு 10 உடன் வந்த போன்களில் இருந்து நிலைமை இன்னும் மாறியது. சிஸ்டம், வெண்டார், ப்ராடக்ட் எல்லாம் சூப்பர் என்ற ஒரே பெரிய பார்டிஷனுக்குள் அடங்கின. இவற்றில் பல, எழுதவே முடியாத அமைப்பில் கட்டப்பட்டவை. ரூட் அதிகாரம் இருந்தாலும் எழுத முடியாது. உங்களுடையது அப்படிப்பட்ட போன் என்றால், கோப்பு சேமிக்கப்பட்டதாக எடிட்டர் சொன்னாலும் நான் அதை நம்பத் தயங்குவேன். மாற்றம் மாட்யூல் வழியாக நடந்திருக்கலாம், அல்லது நின்றுபோனதற்குக் காரணமே வேறாக இருக்கலாம். இது என் ஊகம் மட்டும்தான், உறுதியாகச் சொல்ல மாடல் தெரிய வேண்டும்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். உங்களால் ரெக்கவரிக்குள் போக முடிகிறது என்றீர்கள். அது டிடபிள்யூஆர்பி போன்ற தனி ரெக்கவரியா, கம்பெனி கொடுத்ததா என்று சொல்லவில்லை. கம்பெனி ரெக்கவரியில் கோப்புகளைத் தொட முடியாது. தனி ரெக்கவரி என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். உள்ளே போனதும் அது பின் எண்ணோ பேட்டர்னோ கேட்டால் கொடுங்கள். பிறகு பைல் மேனேஜரில் உங்கள் படங்களின் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தால் போனைச் சரிசெய்யும் எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கம்ப்யூட்டரில் இணைத்து முதலில் படங்களை எல்லாம் வெளியே எடுங்கள். எம்டிபி, அதாவது வழக்கமான யுஎஸ்பி கோப்புப் பரிமாற்ற இணைப்பு, அடிக்கடி அறுந்தால், கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியின் புல் கட்டளையைப் பயன்படுத்துங்கள், பெரிய ஃபோல்டர்களுக்கு அது நிதானமாக வேலை செய்யும். எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டரில் சில படங்களைத் திறந்து பாருங்கள். கோப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

பெயர்கள் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரிந்தாலோ, உள் சேமிப்பகம் பூஜ்யம் எம்பி என்று காட்டினாலோ படங்கள் அழிந்துவிட்டதாகப் பதற வேண்டாம். டேட்டா குறியாக்கத்தில் இருக்கிறது, இந்த ரெக்கவரியால் அதைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் "ஃபார்மட் டேட்டா செய்தால் சேமிப்பகம் தெரியும்" என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். சேமிப்பகம் தெரியும் என்பது உண்மை, ஆனால் அது காலியாகத் தெரியும்.

டேட்டா திறக்காவிட்டாலும் சிஸ்டத்தைச் சரிசெய்யத் தடையில்லை, ஏனென்றால் பயனர் டேட்டாவைப் போலச் சிஸ்டம் குறியாக்கம் செய்யப்படுவதில்லை. ரெக்கவரியின் மவுண்ட் பகுதியில் சிஸ்டத்தை ஏற்றுங்கள், படிக்க மட்டும் என்ற குறி இருந்தால் நீக்குங்கள். புதிய போன்களில் சிஸ்டம்ரூட் என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு சிஸ்டம் ஃபோல்டர் இருக்கும், பில்ட்.ப்ராப் அங்கே கிடக்கும். பக்கத்திலேயே அதே பெயரில் பிஏகே என்று முடியும் கோப்பு இருக்கிறதா பாருங்கள். பல எடிட்டர்கள் சொல்லாமலே பழைய நகலை அப்படி வைத்திருக்கும். இருந்தால் மாற்றிய கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, நகலுக்கு அசல் பெயரைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஏடிபி வழியாகக் கோப்பைக் கம்ப்யூட்டருக்கு இழுத்து, நீங்கள் மாற்றிய இரண்டு வரிகளையும் பழையபடி திருத்தி, மீண்டும் உள்ளே தள்ளுங்கள். எந்த வழியாக வந்தாலும் கடைசியில் மூன்று காரியங்கள்: அனுமதி 0644, உரிமை ரூட் ரூட், அப்புறம் ரீஸ்டோர்கான் கட்டளையால் எஸ்இலினக்ஸ் முத்திரையைப் புதுப்பிப்பது. மூன்றையும் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். முதல் முறை எழப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகலாம், நடுவில் பொறுமை இழந்து அணைத்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு கோப்பு என்பதைத் தாண்டி, சிஸ்டம் ஃபோல்டர் முழுவதற்கும் உள்ளடுக்கு வரை 777 கொடுத்துவிட்டேன் என்று சொல்பவர்களும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்திருந்தால் ஒவ்வொரு கோப்பாகத் திருத்த உட்காராதீர்கள். ஃபோல்டர்களுக்கு ஓர் எண், கோப்புகளுக்கு இன்னொன்று, இயக்கக் கோப்புகளுக்கு வேறொன்று, குழுக்களும் வேறு வேறு. நினைவிலிருந்து மீட்க முடியாது. சிஸ்டத்தை மறுபடி ஃபிளாஷ் செய்வதுதான் வழி.

ஃபிளாஷ் செய்வது என்றதும் எல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. சிஸ்டத்தை மட்டும் புதிதாக எழுதினால் டேட்டா இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் இங்கே நுணுக்கம் தேவை. முதலாவது, போனில் இருந்த அதே பதிப்பு, அதே பாதுகாப்பு பேட்ச் தேதி கொண்ட ஃபர்ம்வேரை, அதாவது கம்பெனியின் சிஸ்டம் தொகுப்பை, தேடுங்கள். டேட்டாவின் பூட்டுச் சாவிகள் போனின் பாதுகாப்புச் சில்லில் ஆண்ட்ராய்டு பதிப்போடும் பேட்ச் தேதியோடும் கட்டப்பட்டிருக்கின்றன. பழைய பதிப்பைப் போட்டால் சாவி வேலை செய்யாமல் போகலாம், படங்கள் உள்ளேயே இருந்தும் திறக்க முடியாது. பில்ட்.ப்ராப் கோப்பில் நீங்கள் மாற்றிய வரி பேட்ச் தேதியாக இருந்தால் அதுவேகூடச் சில போன்களில் காரணமாகலாம். தவிர, பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் எண் சில கம்பெனி போன்களில் உண்டு. அதை மீறினால் போன் ஒரேயடியாகச் செத்துவிடலாம்.

இரண்டாவது, ஃபிளாஷ் கருவிகளின் இயல்பான தேர்வு பெரும்பாலும் டேட்டாவை அழிப்பதாகத்தான் இருக்கும். பிக்சல் போன்களின் தொகுப்போடு வரும் ஸ்கிரிப்டில் டேட்டாவைத் துடைக்கும் ஒரு சிறிய குறி இருக்கும், ஓட்டுவதற்கு முன் அதை நீக்க வேண்டும். சாம்சங் போனில் ஓடின் கருவியில் சிஎஸ்சி என்ற கோப்பைப் போட்டால் டேட்டா அழியும், ஹோம் சிஎஸ்சி என்பதைப் போட்டால் தங்கும். ஷாவ்மியின் கருவியில் "எல்லாம் துடைத்துப் பூட்டு" என்ற தேர்வு இருக்கிறது, அதை மாற்றிப் பயனர் டேட்டாவைக் காக்கும் தேர்வுக்குக் கொண்டுவர வேண்டும். பொத்தானை அழுத்தும் முன் இதை இரண்டு முறை பாருங்கள். சூப்பர் பார்டிஷன் உள்ள போனில் சிஸ்டத்தை மட்டும் எழுத, பூட்லோடரின் சாதாரண ஃபாஸ்ட்பூட் திரை போதாது. ஃபாஸ்ட்பூட்-டி என்ற இரண்டாம் கட்டத் திரைக்குப் போக வேண்டும். சிஸ்டத்துக்கு ஸ்லாட் என்ற இரண்டு இடங்கள் உள்ள போன் என்றால் எந்த ஸ்லாட் இயங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதிலேயே எழுதுங்கள். அசல் பூட் இமேஜையும் போட்டால் ரூட் போய்விடும், அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

பூட்லோடரை மறுபடி பூட்டும் யோசனை வந்தால் உடனே கைவிடுங்கள். "எச்சரிக்கைத் திரை போய்விடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்" என்று நினைத்துச் சிலர் செய்கிறார்கள். பூட்டுவதே டேட்டாவை அழிக்கும். சிஸ்டம் மாறிய நிலையில் பூட்டினால் போன் எழ மறுக்கும், திரும்பத் திறக்கவும் முடியாமல் போகலாம். மோடம் அளவீடுகள், ஐஎம்இஐ எண் முதலியவை இருக்கும் சிறிய பார்டிஷன்களையும் தொடாதீர்கள். அவை ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி, இன்னொரு போனிலிருந்து எடுத்துப் போட்டு ஈடுகட்ட முடியாது.

உங்களைப் போலவே தேடி வந்து, போன் லோகோவைத் தாண்டி அனிமேஷனில் சுற்றுகிறது என்பவர்களுக்கும் சில வார்த்தைகள். முன்பே யுஎஸ்பி டீபக்கிங் இயக்கி, அந்தக் கம்ப்யூட்டரை அனுமதித்திருந்தால், அனிமேஷன் ஓடும்போதே ஏடிபி இணைப்பு கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. போனின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட் கட்டளையை ஓட்டி ஒரு கோப்பில் சேமித்து, சிஸ்டம் ப்ராசஸில் ஃபேட்டல் எக்ஸெப்ஷன் என்று வரும் இடத்தைத் தேடுங்கள். அதன் கீழே இரண்டு மூன்று வரிகளில் காரணம் அப்பட்டமாக எழுதியிருக்கும். ஒரு செயலியைச் சிறப்பு அதிகாரச் செயலிகளுக்கான ப்ரிவ்-ஆப் ஃபோல்டருக்குள் போட்டு, அதன் அனுமதிகளைப் பட்டியல் கோப்பில் சேர்க்காமல் விட்டது அடிக்கடி வரும் காரணம். ஆண்ட்ராய்டு 9 முதல் அப்படி ஒரு செயலி இருந்தாலே போன் எழாமல் நின்றுவிடும். ஃபிரேம்வொர்க் செயலியைத் திருத்தி வேறு கையொப்பத்தோடு திருப்பி வைத்தது இன்னொன்று. இரண்டிலும் சேர்த்ததை ரெக்கவரி வழியாக நீக்கி அசலைத் திருப்பி வைத்தால் போதும்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். மேலே சொன்னதில் ரீசெட் சிஸ்டத்தைத் தொடாது என்பதும், 0777 கொடுத்தால் இனிட் படிக்காது என்பதும் உறுதியானவை, எந்தப் போனுக்கும் பொருந்தும். உங்கள் போன் நின்றதற்குக் காரணம் அனுமதி எண்தான் என்பது நீங்கள் சொன்ன அறிகுறியிலிருந்து நான் எடுத்த ஊகம், அதிக வாய்ப்புள்ள ஊகம். தொலைவிலிருந்து இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. இந்த ஐந்து விவரங்களை எழுதுங்கள்: மாடலின் முழுப் பெயர், ஆண்ட்ராய்டு பதிப்பு, எதனால் ரூட் செய்தீர்கள், மாற்றிய இரண்டு வரிகள் எவை, ரெக்கவரியின் முதல் திரையில் என்ன எழுதியிருக்கிறது. அதுவரை போனை அணைத்து வையுங்கள். இதற்கிடையில் யாராவது ஒரு கட்டளை கொடுத்து ஓட்டச் சொன்னால், அதில் வைப், ஃபார்மட், எரேஸ், லாக் என்ற நான்கு சொற்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓட்டாமல் அந்த வரியை அப்படியே இங்கே எழுதுங்கள், அது எந்தப் பார்டிஷனைத் தொடும் என்று பார்த்துச் சொல்கிறேன்.